ஃபர்னஸா, ஹீற் பம்பா? குளிர் குறைந்துவரும் ரொறன்ரோவில் அடுத்த 15 வருடத்துக்கான தெரிவு

போன பெப்ரவரியில் ஒரு விடியற்காலை மாமி கூப்பிட்டார். "தம்பி, வீடு ஐஸ் மாதிரிக் கிடக்குது." போய்ப் பார்த்தால் தேர்மோஸ்ரற்றில் 13 பாகை. 21 வயதான ஃபர்னஸ் இரவே நின்றுவிட்டிருந்தது. திருத்த வந்தவர் காஸைப் பற்றவைக்கும் இக்னைற்றரை மாற்றினார், ஒரு மணித்தியாலத்தில் சூடு வந்தது. போகும்போது, "இது இன்னும் ஒன்றிரண்டு வின்ரருக்குத்தான். புதுசு பார்க்கத் தொடங்குங்கோ" என்றார்.

அந்தக் கிழமையே இரண்டு விற்பனையாளர்கள் வந்து கதைத்தார்கள். ஒருவர், "இப்ப எங்கையம்மா குளிர்? காஸை வெட்டிப்போட்டு ஹீற் பம்ப் போடுங்கோ" என்றார். மற்றவர், "மைனஸ் 25 வந்தால் பம்ப் உறைஞ்சு நிற்கும், காஸ் ஃபர்னஸ்தான் சரி" என்றார். ஃபர்னஸ் காஸை எரித்துச் சூடு தரும்; ஹீற் பம்ப் வெளிக்காற்றில் உள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும். மாமி இரண்டு மதிப்பீட்டுத் தாள்களையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிறம்ப்டன் என்று எங்கள் ஆட்கள் 15, 20 வருடங்களுக்கு முன் வாங்கிய வீடுகளில் இப்போது ஃபர்னஸ்கள் ஒவ்வொன்றாக வயதுபோய் நிற்கின்றன. அதனால் இந்தக் கேள்வியை மாமி மட்டும் கேட்கவில்லை.

இரண்டு விற்பனையாளர்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை நம்பினால் பத்தாயிரம் டொலர் பிழையான இடத்தில் போய்விடும்.

## குளிர் உண்மையாகவே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. கனடிய அரசின் 2019 காலநிலை அறிக்கைப்படி, 1948 முதல் 2016 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை 1.7 பாகை ஏறியது. குளிர்காலத்தை மட்டும் எடுத்தால் 3.3 பாகை. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிகச் சூடானது.

சூடேற்றும் தேவையை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. 18 பாகையிலிருந்து ஒரு நாளின் சராசரி வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். அன்றைய சராசரி மைனஸ் 2 என்றால் அந்த நாளுக்கு 20 புள்ளி, 18க்கு மேல் என்றால் பூச்சியம். வருடம் முழுவதும் இப்படிக் கூட்டினால், பியர்சன் விமான நிலையத்தில் 1971-2000 காலத்துச் சராசரி 4,000ஐச் சற்றுத் தாண்டும். அதற்குப் பிறகு இது இறங்கிக்கொண்டே வருகிறது.

ஆனால் 2015 பெப்ரவரியை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பியர்சனில் பதிவான மிகக் குளிர்ந்த மாதங்களில் அதுவும் ஒன்று. 2013 நத்தார் சமயத்து ஐஸ் மழையில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் இருளில் கிடந்தன. இந்த நகரத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு இன்றைக்கும் மைனஸ் 18 முதல் மைனஸ் 20 வரையான இரவை வைத்துத்தான் அளவு பார்க்கிறார்கள்.

ஆக, கேள்வி இரண்டு. முழுக் குளிர்காலத்துக்கும் எவ்வளவு சூடு வேண்டும்? மிக மோசமான அந்த ஒரு இரவுக்கு எவ்வளவு வேண்டும்? முதலாவது வருடாவருடம் குறைந்துவருகிறது. இரண்டாவது அரிதாகத்தான் வருகிறது, ஆனால் வரும். முதல் விற்பனையாளர் முதற் கேள்வியை மட்டும் பார்த்தார், மற்றவர் இரண்டாவதை மட்டும் பார்த்தார்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

போடும் செலவைவிட, 15 வருடத்துக்கான மொத்தச் செலவைப் பாருங்கள். அதற்குள் மாதக் கட்டணம், பராமரிப்பு, மின்பலகை (பிரேக்கர் பெட்டி) மாற்றம், புகைபோக்கி வேலை எல்லாம் வரும். அந்த மோசமான இரவை வீடு தாங்குமா, கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பவை அடுத்தவை. கோடையும் ஒரு அளவுகோல்தான், ஏனென்றால் ஹீற் பம்ப் ஒரு ஏசியும்கூட. இங்கே கோடைகள் கடுமையாகிக்கொண்டே போகின்றன. கடைசியாகப் புகை. 2,000 கன மீற்றர் காஸ் எரித்தால் கிட்டத்தட்ட 3.8 தொன் கரியமிலவாயு வெளியேறுகிறது. எனக்கு இது சின்ன விடயம் இல்லை. எங்கள் பிள்ளைகள் இந்த நகரத்தில்தான் வாழப்போகிறார்கள்.

## முதலில் உங்கள் காஸ் பில்லை எடுங்கள்

எந்தக் கருவியைத் தெரிவுசெய்தாலும் முதலில் தெரிய வேண்டியது வீட்டின் உண்மையான தேவை. அதைப் பில்லிலிருந்தே கணக்கிடலாம்.

ஜூலை மாதப் பாவனையை 12ஆல் பெருக்குங்கள். அது சுடுதண்ணிக்கும் சமையலுக்கும் போவது. வருட மொத்தத்தில் அதைக் கழித்தால் சூடேற்றப் போனது வரும். மாமி வீட்டில் அது ஏறத்தாழ 2,000 கன மீற்றர். நல்ல ஃபர்னஸில் ஒரு கன மீற்றர் காஸ் கிட்டத்தட்ட 10 கிலோவாற் மணி சூடு தரும். பழையது என்றால் 8 அளவில்தான் தரும். 10 என்றே வைத்தால் வருடத்துக்கு 20,000. அதை 4,000 புள்ளியால் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 5. மைனஸ் 20 நாளில் 38 புள்ளி. 38ஐ 5ஆல் பெருக்கினால் 190, அதை 24 மணித்தியாலத்தால் பிரித்தால் சுமார் 8 கிலோவாற். விற்பனையாளர்கள் சூட்டை அளக்கும் அலகில் சொன்னால் மணித்தியாலத்துக்கு 27,000 பீ.ரீ.யூ.

மாமியின் பழைய ஃபர்னஸின் தகட்டில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 80,000. வீட்டுக்குத் தேவையானதைப்போல் மூன்று மடங்கு! அதனால்தான் அது ஐந்து நிமிடம் அனல் கக்கிவிட்டு நின்றுவிடும். மேல்மாடி வேகும், பேஸ்மென்ற் குளிரும். புதிய ஃபர்னஸுக்குக் கிடைத்த மதிப்பீட்டிலும் அதே 80,000தான் இருந்தது. பழையதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எடுத்த பில் 2023-24 போன்ற சூடான வருடத்துடையது என்றால், அந்த வருடப் புள்ளிகள் குறைவாகத்தான் இருந்திருக்கும். 4,000ஆல் பிரித்தால் தேவை குறைவாகத் தெரியும். உதாரணத்துக்கு 3,500ஆல் பிரித்துப் பாருங்கள், 27,000 என்பது 31,000 ஆகிவிடும். எந்த வருடத்துப் பில்லோ, அந்த வருடத்துப் புள்ளி வேண்டும். இது கையெழுத்துப் போடுமுன் செய்யும் மனக்கணக்கு மட்டும்தான். முறையான கணக்குக்கு கனடாவில் சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரநிலை இருக்கிறது. அதைச் செய்து தர மறுப்பவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

## தெரிவு 1: இருப்பதைத் திருத்தி, வீட்டை முதலில் அடைப்பது

இதை யாரும் விற்க வருவதில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள். சில கூரைகளில் ஸ்னோ பஞ்சு மெத்தைபோல் அப்படியே கிடக்கும். சிலவற்றில் நடுவில் கறுப்புக் கறுப்பாக ஓடு தெரியும், ஓரத்தில் ஐஸ் கம்பிகள் தொங்கும். வெயில் படாத பக்கத்திலும் அப்படி இருந்தால், அந்த வீட்டுச் சூடு அற்றிக்கால் (கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடம்) வெளியே போகிறது. மாமியின் கூரை அந்த இரண்டாவது வகை. மூடியைத் தூக்கிப் பார்த்தோம். மரச்சட்டங்கள் வெளியே தெரியுமளவுக்கு மெல்லிய இன்சுலேசன். பாத்றூம் காற்றாடியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது.

இன்றைக்குப் பழைய வீட்டின் அற்றிக்கை நிரப்பும்போது இன்சுலேசனின் சூடு தடுக்கும் அளவை ஆர்-60 வரை ஏற்றுவது வழக்கம். அதற்கு முன் விளக்குத் துவாரங்கள், குழாய் இடுக்குகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைக்காமல் மேலே கொட்டினால் பாதிப் பயன்தான். செலவு ஒரு புதிய கருவியின் சிறு பங்கு. பயன் எந்தக் கருவி வந்தாலும் தொடரும். இன்னொன்று, வீட்டின் தேவை குறைந்த பிறகு வாங்கும் கருவி சிறியதாகவும் இருக்கலாம்.

மறைசெலவு: பழைய ஃபர்னஸ் நடு ஜனவரியில் ஒரேயடியாகப் போய்விட்டால், கையில் கிடைத்ததை வாங்க வேண்டிவரும். வெப்பமாற்றியில் (எரியும் காஸின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) வெடிப்பு விழுந்திருந்தால் இந்தத் தெரிவே இல்லை. அது காபன் மொனொக்சைட் கசியும் ஆபத்து. ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

## தெரிவு 2: புதிய காஸ் ஃபர்னஸ்

போடும் செலவு மற்றவற்றைவிடக் குறைவு. மைனஸ் 25 ஆனாலும் சூடு ஒரே மாதிரி வரும். 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் காபன் கட்டணம் நீங்கியதால் ஒவ்வொரு கன மீற்றரிலும் 15.25 சதம் குறைந்தது. அதனால் காஸின் பக்கம் தட்டுக் கொஞ்சம் சாய்ந்தது உண்மைதான்.

"கரண்ட் போனாலும் காஸ் இருக்கும்" என்று நம்பிப் பலர் இதை எடுக்கிறார்கள். அது பிழை. ஃபர்னஸின் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. 2013இல் காஸ் ஃபர்னஸ் வைத்திருந்தவர்களும் போர்வைக்குள்தான் கிடந்தார்கள். உண்மையான வித்தியாசம் இதுதான்: ஃபர்னஸ் விசிறியை ஒரு சிறிய ஜெனரேற்றரால் ஓட்டலாம், ஹீற் பம்புக்குப் பெரியது வேண்டும். எதுவானாலும் ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்காதீர்கள், உயிர் போகும்.

மறைசெலவு இன்னொன்று புகைபோக்கியில் இருக்கிறது. பழைய ஃபர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பாவித்திருந்தால், புதிய ஃபர்னஸ் தனிப் பிளாஸ்ரிக் குழாயால் வெளியே போய்விடும். தாங்கி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்து நிற்கும். புகை ஒழுங்காக மேலேறாது, உள்ளே திரும்பலாம். உள்ளே சிறிய குழாய் இறக்க வேண்டும். இது மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், மாமியின் தாளில் இருக்கவில்லை.

யாருக்குப் பொருந்தும்: ஏசி அண்மையில் மாற்றியவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் வீட்டை விற்கப்போகிறவர்கள், அவசரத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

## தெரிவு 3: ஹீற் பம்பும் காஸும் சேர்ந்தது

ஏசி இருந்த இடத்தில் ஹீற் பம்ப் வரும், ஃபர்னஸ் கீழே அப்படியே இருக்கும். மிதமான குளிரில் பம்ப் ஓடும், கடுங்குளிரில் ஃபர்னஸ் பொறுப்பெடுக்கும். குளிர்காலம் சூடாகிவரும் இந்த நகரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோன்ற ஏற்பாடு இது. ஏனென்றால் இங்கே குளிர்கால மணித்தியாலங்களில் பெரும்பாலானவை மைனஸ் 10க்கு மேல்தான். பம்புக்குப் பிடித்த மணித்தியாலங்கள் கூடிக்கொண்டு வருகின்றன, ஃபர்னஸ் தேவைப்படும் மணித்தியாலங்கள் குறைகின்றன.

கணக்கைப் பார்ப்போம். வரிகள், விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கன மீற்றர் காஸ் 40 சதம் என்று வைத்தால், ஒரு கிலோவாற் மணி சூடு 4 சதம். மின்சாரம் எல்லாம் சேர்த்து 13 சதம் என்று வைப்போம். வெளியே பிளஸ் 5 பாகையில் நல்ல பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்றரைப் பங்கு சூடு தரும்: 3.7 சதம், காஸைவிட மலிவு. மைனஸ் 15இல் இரண்டு பங்குதான் தரும்: 6.5 சதம், காஸ் மலிவு. உங்கள் பில்லில் உள்ள விலைகளைப் போட்டு இதையே செய்து பாருங்கள். எந்த வெப்பநிலையில் பம்பை விட்டுக் காஸுக்கு மாறுவது என்பதற்கான விடை அதில் வரும்.

மாறும் அந்த வெப்பநிலைதான் இந்தத் தெரிவின் உயிர். பொருத்துகிறவர்கள் பலர், முறைப்பாடு வராமல் இருக்க, கணக்குப் பார்க்காமல் அதைப் பூச்சியத்துக்கு நன்றாக மேலே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு பம்ப் சும்மா நிற்கும், காஸ் எரியும், வீட்டுக்காரர் "ஹீற் பம்ப் வேலைக்கு ஆகாது" என்பார். உங்கள் கணக்கில் வந்த வெப்பநிலையில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடச் செலவானாலும் புகை குறைய வேண்டும் என்றால் மைனஸ் 5க்கோ மைனஸ் 10க்கோ இறக்கலாம்.

மின்சார நேரக் கட்டணத்தையும் பாருங்கள். ஒன்ராறியோவின் மிகமலிவு இரவுத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிகவும் மலிவு. ஆனால் வேலை நாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை அதே மின்சாரம் பல மடங்கு விலை. அந்த ஐந்து மணித்தியாலமும் ஃபர்னஸை ஓடவிடலாம் என்பது இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி.

மறைசெலவு: இரண்டு கருவிக்கும் பராமரிப்பு. காஸ் கம்பனியின் நிலையான மாதக் கட்டணமும், ஒரு கன மீற்றர் எரிக்காவிட்டாலும், 20 டொலருக்கு மேல் வந்துகொண்டே இருக்கும்.

## தெரிவு 4: முழுவதும் ஹீற் பம்ப்

கடுங்குளிருக்கென்று செய்த பம்புகள் மைனஸ் 25 வரை ஓடுகின்றன. "உறைந்து நிற்கும்" என்ற கதை பழைய இயந்திரங்களுக்குப் பொருந்தியது. ஆனால் குளிர் கூடக்கூட அவற்றின் வலு குறையும் என்பது உண்மை. பெட்டியில் எழுதியிருக்கும் 36,000 பீ.ரீ.யூ. என்பது பிளஸ் 8 பாகை அளவில் அளந்தது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மைனஸ் 20இல் இது எவ்வளவு தரும்?" அந்த எண்ணை உங்கள் 27,000 அல்லது 31,000க்குப் பக்கத்தில் வையுங்கள். குறைகிறதா, அதை நிரப்ப மின்சூடேற்றிக் கம்பி வேண்டும். அது வந்தால் 100 அம்பியர் மின்பலகை போதுமா என்ற கேள்வியும் வரும். மின்சாரக் காரும் வைத்திருக்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் பலகையை மாற்ற வேண்டிவரும், அதற்குச் சில ஆயிரம் டொலர் தனியாக.

காஸை முழுவதும் வெட்டினால்தான் அந்த மாதக் கட்டணம் நிற்கும். அதற்குச் சுடுதண்ணித் தாங்கியும் அடுப்பும் மின்சாரத்துக்கு மாற வேண்டும். எங்கள் வீடுகளில் அடுப்புக்குத்தான் எதிர்ப்பு வரும். தாளிக்கத் தீ வேண்டும் என்பார்கள்.

வாழும் விதமும் கொஞ்சம் மாறும். பம்பின் காற்று கொதிக்காது, இளஞ்சூடாக நீண்ட நேரம் வந்துகொண்டிருக்கும். இரவில் 17க்கு இறக்கிக் காலையில் 21க்கு ஏற்றும் பழக்கம் இதற்கு ஒத்துவராது, ஏற்றும் நேரத்தில் மின்சூடேற்றி எரிந்து சேமித்ததைத் தின்றுவிடும். வெளியே உள்ள பெட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்னோ மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். இடைக்கிடை அது தன்மேல் படிந்த ஐஸை உருக்கும்போது வெள்ளையாக ஆவி கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது நெருப்புத்தான் பிடித்துவிட்டது என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

யாருக்கு: நன்றாக அடைத்த வீடு, 200 அம்பியர், நீண்டகாலம் இருக்கப்போகிற குடும்பம், சூரியத் தகடு போடும் எண்ணம். ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி அணுவிலும் நீரிலும் இருந்து வருகிறது, காஸ் ஆலைகளின் பங்கும் இருக்கிறது. ஆகவே புகையைக் குறைப்பதில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

காஸே இல்லாமல் சுவரோர மின்சூடேற்றிகளோடு இருக்கும் ரவுன்ஹவுஸ்காரர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. குழாய் வேண்டாத சுவர் வகை ஹீற் பம்ப் போட்டால் அதே சூட்டுக்குப் பாதிக்கும் குறைவான மின்சாரம் போதும்.

## ஒரே பார்வையில்

| | திருத்தி அடைப்பது | காஸ் ஃபர்னஸ் | இரண்டும் சேர்ந்தது | முழு ஹீற் பம்ப் |
|---|---|---|---|---|
| போடும் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| சூடான குளிர்காலத்தில் | எப்போதும் பயன் | பெரிய கருவி சும்மா நிற்கும் | மிக நல்லது | மிக நல்லது |
| மைனஸ் 20 இரவில் | முன்பைவிட நல்லது | கவலை இல்லை | கவலை இல்லை | அளவு சரியானால் சரி |
| கோடைக்கு ஏசி | தனியாக | தனியாக | அடங்கும் | அடங்கும் |
| மறைந்திருப்பது | திடீர்ப் பழுது | புகைபோக்கிக் குழாய் | இரண்டு பராமரிப்பு, மாதக் கட்டணம் | மின்பலகை, அடுப்பு, தாங்கி |

ஏசியும் பழையது என்றால் தெரிவு 3 பக்கம் சாயுங்கள். எப்படியும் ஏசிக்குக் கொடுக்கப்போகிற காசுக்கு மேல் கொஞ்சம் போட்டால் ஹீற் பம்ப் வந்துவிடும்.

## கையெழுத்துக்கு முன்

ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல், நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸோ ஏசியோ சுடுதண்ணித் தாங்கியோ விற்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. "அரசாங்கத் திட்டத்திலிருந்து வருகிறோம்" என்று கதவைத் தட்டுபவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில் மாதத் தொகை சின்னதாகத் தெரியும். முழுக்காலத்துக்கும் பெருக்கிப் பாருங்கள், கருவியின் விலையைப்போல் பல மடங்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டுப் பத்திரத்தில் இப்படி ஒரு ஒப்பந்தத்துக்காகப் பாத்தியதை (வீட்டின்மேல் கம்பனிக்கு உள்ள உரிமை) பதிந்திருந்தார்கள். வீட்டை விற்கப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. 2024 ஜூனில் அப்படிப் பதிவதை மாகாணம் நிறுத்தியது, ஆனாலும் ஒப்பந்தத்தின் கடன் கடன்தான்.

மானியங்கள் அடிக்கடி மாறுகின்றன. மத்திய அரசின் பழைய வீட்டு மானியம் 2024 தொடக்கத்தில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2025 ஜனவரியில் மாகாணம் வேறொரு திட்டம் தொடங்கியது. விற்பனையாளர் சொல்வதை நம்பாமல் அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள். முன்அனுமதி வேண்டுமா என்பதை வேலை தொடங்குமுன் பாருங்கள்.

மாமி என்ன செய்தார்? இரண்டு மதிப்பீட்டையும் திருப்பி அனுப்பினார். ஏப்ரலில் அற்றிக்கை அடைத்து நிரப்பினோம், பாத்றூம் குழாயைக் கூரைக்கு வெளியே விட்டோம். பழைய ஃபர்னஸின் வெப்பமாற்றியைப் பரிசோதிப்பித்தோம், வெடிப்பு இல்லை. இந்த வின்ரர் முடிந்ததும் புதிய பில்லை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டு, ஏசிக்குப் பதிலாக ஹீற் பம்புக்கும் சின்ன ஃபர்னஸுக்கும் மூன்று இடத்தில் விலை கேட்பதாக இருக்கிறோம். முதல் ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் காலை மாமி கூரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். முழுக்க வெள்ளை.